அப்பா ஓய்வெடுக்கிறார்

1

முதல் மாதத்தில் அப்பா நாற்பத்திமூன்று தரம் விழுந்தார். ஒரு கீறல் காயம்கூட இல்லை.

கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் அவருடைய அறையின் சுவர் மூலையில், சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி பொருத்திப் பூட்டியிருக்கிறது. பூட்டி நேற்றோடு ஒரு வருடம். என் கைத்தொலைபேசி அதை நினைவூட்டி, பக்கத்தில் ஒரு கேக் படமும் போட்டிருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "வெளிநாட்டில் இருக்கிற மகள் தகப்பனைப் பெட்டி வைத்துப் பார்க்கிறாள்" என்று ஊரில் கதைப்பது எனக்குத் தெரியும். கதைப்பவர்கள் முழுவதையும் தெரிந்துகொண்டு கதைக்கட்டும்.

அது கமரா இல்லை. அதற்கு முகம் தெரியாது, சத்தமும் கேட்காது. சூடு மட்டும்தான் தெரியும். வரிசைக்கு முப்பத்திரண்டாக முப்பத்திரண்டு வரிசை வெப்பமானிகளை ஒரு விரல்நகத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சூடான இடம் மஞ்சள், குளிர்ந்த இடம் கறுப்பு. அப்பா அதில் ஒரு மஞ்சள் திட்டு. நடந்தால் நெட்டையான திட்டு, கதிரையில் இருந்தால் கட்டையான திட்டு, படுத்தால் நீளமான திட்டு. எழுபத்தொன்பது வயது மனிதர் ஒருவரை இதைவிட மரியாதையாகப் பார்க்க முடியாது என்று விற்பனைப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள்.

2

நான் நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, மாத்திரை விழுங்கியதை உறுதிப்படுத்துவது. இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே இந்தப் பெட்டிகளைப் பரீட்சார்த்தமாகப் பூட்டினார்கள். யாராவது அறையில் விழுந்தால் பெட்டி கண்டுபிடித்து எங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

கண்டுபிடிப்பது பெட்டி அல்ல, அதற்குப் பின்னால் இருக்கிற மொடல் என்கிற கணினி நிரல். அது படிக்காமல் ஒன்றையும் கண்டுபிடிக்காது. லார்ஸ் என்கிற இளம் பொறியியலாளர் வந்து எங்களில் மூன்று பேரைத் தெரிவு செய்தார். முப்பது முப்பது விநாடித் துண்டுகளாக வெப்பப் படங்களைக் காட்டுவார். நாங்கள் பார்த்து, நடக்கிறார், இருக்கிறார், படுத்திருக்கிறார், விழுந்திருக்கிறார், ஆள் இல்லை என்ற ஐந்து பொத்தான்களில் ஒன்றை அமத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் அமத்தினேன். இயந்திரக் கற்றல் என்று பெரிய பெயர் சொல்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே கால் வீங்கிய ஒரு பொம்பிளை கோப்பி குடித்தபடி பொத்தான் அமத்திக்கொண்டிருப்பாள்.

நோர்வேயில் ஒருவர் கட்டிலில் நீளமாகத் தெரிந்தால் படுத்திருக்கிறார். தரையில் நீளமாகத் தெரிந்தால் விழுந்திருக்கிறார். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தரையில் வேண்டுமென்றே போய்ப் படுக்கிற வயோதிபரை லார்ஸ் கண்டதில்லை. நான் கண்டிருக்கிறேன், ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

3

பரீட்சார்த்தம் முடிந்து புதிய பெட்டிகள் வந்தபோது, பழையதில் ஒன்றை அப்பாவுக்குக் கேட்டேன். அம்மா போய் ஆறு வருடம். அப்பா தனியே இருக்கிறார், வரச்சொன்னால் வரமாட்டார். லார்ஸ் சந்தோசமாகச் சம்மதித்து, பதினொரு பக்கத்தில் ஒரு படிவம் தந்தார். அவதானிக்கப்படும் நபர் விளங்கிக் கையொப்பமிட வேண்டும். தொலைபேசியில் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அவதானிக்கிறவர், அவதானிக்கப்படுறவர், தரவுக்குப் பொறுப்பானவர். இதிலை நான் ஆர் பிள்ளை?"

"அவதானிக்கப்படுறவர், அப்பா."

"அப்ப எனக்கொரு வேலையும் இல்லை. சரி, வைக்கிறன் கையெழுத்து."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கமரா என்றால் ஒரு படிவம், வெப்பமானி என்றால் படிவம் இல்லை. அப்பாவுக்கு வெப்பமானி என்றேன். எத்தனை என்றார். ஆயிரத்து இருபத்திநான்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு அப்பாவுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டார். அவருக்குக் காய்ச்சல் அடிக்கடி வரும் என்றேன். போகச் சொன்னார்.

4

வீடு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின் கட்டியது. ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, மேலே தகரம். நான் வாங்கிக் கொடுத்த கட்டில் அறையில் இருக்கிறது. அதில் நெல்மூட்டைகள் படுத்திருக்கும். அப்பா மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பழைய சாரத்தை வாளித் தண்ணீரில் நனைத்து, சீமெந்துத் தரையை ஒரு ஆள் நீளத்துக்குத் துடைப்பார். அந்த ஈரத்தில் வெறும் மேலோடு படுப்பார். வன்னி வெய்யிலில் தகரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

பெட்டிக்கும் விளங்கவில்லை. பூட்டிவிட்டு நான் திரும்பி வந்த மறுநாளே, ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, தொலைபேசி அலறியது. "ஆள் விழுந்துவிட்டார்." அதே செய்தி பார்வதியக்காவுக்கும் போகும். பார்வதியக்கா பக்கத்துக் காணிக்காரி. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு மத்தியானச் சோறும் நாலு மணித் தேத்தண்ணியும் அவரிடமிருந்துதான் வரும். களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் சேற்றுக் காலோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்.

அப்பா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்ன பிள்ளை இது? நான் விழேல்லை. படுத்தனான்."

"பெட்டி அப்பிடிச் சொல்லுது அப்பா."

"பெட்டிக்குச் சொல்லு, படுக்கிறதும் விழுறதும் வேறை எண்டு. பார்வதி கதவை உடைக்கப் பாத்தவள்."

மறுநாளும் விழுந்தார். அதற்கு அடுத்த நாள் இரண்டு தரம் விழுந்தார். அப்பா எழும்பிப் போன பின்னும் அவர் படுத்திருந்த இடம் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும். மொடல் அதையும் ஆளாக எடுத்தது. அறையில் இரண்டு பேர், ஒருவர் கதிரையில் இருக்கிறார், மற்றவர் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பின்னேரம் மேற்குச் சுவர் சூடேறியதும் சுவரும் அப்பாவும் ஒரே நிறமாகிவிடுவார்கள். அப்போது, "அறையில் ஆள் இல்லை."

மூன்றாவது கிழமை பார்வதியக்கா தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, ஐயா படுத்துத்தான் இருக்காரு. நான் தினம் வயல்ல இருந்து ஓடியாந்து, அவரு தூக்கத்தக் கெடுத்து, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோம். இனிமே நெசமா விழுந்தாருன்னா மட்டும் சொல்லுங்க."

நியாயமான கோரிக்கை. உலகத்தில் இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள்.

5

லார்ஸ் சொன்னார், உன் தகப்பனின் படங்களை வைத்து மொடலுக்கு மறுபடி படிப்பிக்கலாம், நீயே குறியிட்டுத் தா என்று. ஒரு மாதத்துப் படங்கள். தனியே முடியாது என்று மகளையும் பக்கத்தில் இருத்தினேன்.

ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், பேசும்போது சொற்களை வீட்டுச் சாவியைப் போலத் தேடுவாள். ஞாயிறுகளில் அம்மப்பாவோடு பேசச் சொன்னால், "எப்பிடி சுகம்? நான் சுகம். அம்மாவிட்டக் குடுக்கிறன்" என்று மூன்று வசனத்தில் முடிப்பாள். மூன்றும் ஒரே மூச்சில். அவளுக்கு அம்மப்பா என்பது தொலைபேசியின் ஒரு மூலையில் தெரியும் நெற்றி. அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் யாரில் கோபிப்பது என்று தெரியாததால் அவளில்தான் கோபிப்பேன்.

படம் பார்க்கத் தொடங்கியபின் அவள் என்னைவிட உன்னிப்பாகப் பார்த்தாள். ஒருநாள் சொன்னாள்:

"அம்மா, ஞாயிறு எல்லாம் அம்மப்பா கொஞ்சம் மங்கல்."

பார்த்தேன். உண்மைதான். ஞாயிறுகளில் நான் அழைக்கும் நேரத்துக்குச் சற்று முன் மஞ்சள் திட்டு மங்குகிறது. எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அப்பா சேட்டுப் போடுகிறார். எங்களோடு கதைப்பதற்காக, அந்த வெக்கையில், சேட்டுப் போட்டுப் பொத்தான் பூட்டி, நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஆரணி அடுத்த ஞாயிறு நாலாவதாக ஒரு வசனம் பேசினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

இன்னொன்றையும் அவள் கண்டாள். அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

"அம்மா, முதல் தரை கறுக்குது. பிறகுதான் அம்மப்பா படுக்கிறார். எல்லா நாளும்."

"அது தரை துடைக்கிறார். ஈரம்."

"அதையும் சொல்லவேணுமா மொடலுக்கு?"

"வேண்டாம். படுத்திருக்கிற துண்டைப் பாத்து 'படுத்திருக்கிறார்' எண்டு அமத்து. விடிய வேலைக்குப் போகவேணும் எனக்கு."

துண்டு ஒன்று முப்பது விநாடிதான். துடைப்பது ஒரு துண்டில் வரும், படுப்பது வேறொரு துண்டில் வரும். இரண்டையும் சேர்த்துக் குறியிடுவதென்றால் வேலை இரட்டிப்பாகும். நான் சோம்பேறி இல்லை. ஆனால் அன்று எனக்கு அலுப்பு. அப்பா தரையில் நீளமாகக் கிடந்த துண்டுகளை எல்லாம், ஒன்றும் விடாமல், "படுத்திருக்கிறார்" என்று அமத்தினோம். லார்ஸ் அதை மொடலுக்கு ஊட்டினார்.

அதன்பின் பெட்டி அருமையாக வேலை செய்தது. ஒரு பொய்ச் செய்தி இல்லை. மத்தியானங்களில் தொலைபேசியைத் திறந்தால் பச்சை எழுத்தில் இருக்கும்: "ஓய்வெடுக்கிறார்." பார்வதியக்கா நிம்மதியாகக் களை பிடுங்கினார். லார்ஸ் தன் அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். வெப்ப நாடுகளுக்கான இசைவாக்கம் என்று தலைப்பு. என் பெயரையும் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார், ஒரு எழுத்துப் பிழையோடு.

6

இந்த யூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை இடைவேளையில் தொலைபேசியைத் திறந்தேன். ஊரில் பின்னேரம் இரண்டு மணி. "ஓய்வெடுக்கிறார்." நல்லது என்று கோப்பியைக் குடித்தேன். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தரம் பார்த்தேன். "ஓய்வெடுக்கிறார்." இன்றைக்கு நல்ல நித்திரை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் தன் தகப்பனுக்கு நித்திரையே வருவதில்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பன்னிரண்டரைக்குப் பார்வதியக்கா எடுத்தார்.

"தங்கச்சி, பயப்படாதீங்க. ஐயா விழுந்துட்டாரு. தேத்தண்ணி கொண்டாந்தேன், கீழ கெடக்காரு. இடுப்ப அசைக்க முடியல. வண்டிக்குச் சொல்லியாச்சு."

"எப்ப விழுந்தவர்?"

"சோறு சாப்பிட்டு ஒடனேன்னு சொல்றாரு. தண்ணி வாளி எடுக்கப் போனாராம், கதிரக் கால் தடுக்கிருச்சாம்."

இரண்டரை மணித்தியாலம்.

அன்று வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்தேன். எனக்குப் பக்கத்தில் ஆரணி இருந்தாள். நெட்டையான திட்டு வாசல் பக்கம் போகிறது. சரிகிறது. நீளமாகிறது. அவ்வளவுதான். அன்று தரை கறுக்கவில்லை. வாளிக்குக் கை எட்டும் முன்னே விழுந்துவிட்டார். நாங்கள் படிப்பித்த மொடல் நாங்கள் படிப்பித்தபடியே சொல்லியிருக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. திட்டின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று மேலே எழும்பியது. நின்றது. இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பியது.

"கதிரையைப் பிடிக்கப் பாக்கிறார்" என்றேன்.

ஆரணி இல்லை என்று தலையாட்டினாள். "கதிரை மற்றப் பக்கம், அம்மா. இது பெட்டிக்கு. கை காட்டுறார்."

பிறகு அவள், நான் சொன்னேன்தானே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நான் அழுதேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு என் முதுகைத் தடவினாள்.

7

ஐந்தாம் நாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. இடுப்பு எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமைக்குப் பிறகு தடியோடு நடக்கலாம், தரையில் படுப்பதை இனி மறக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அப்பா இரண்டாவது விசயத்துக்குத்தான் முகம் சுளித்தார்.

வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். அப்பா, பெட்டி பார்த்தது. நான் பார்க்கவில்லை. பெட்டிக்கு அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இதை எப்படித் தொடங்குவது?

அப்பா முந்திக்கொண்டார்.

"பிள்ளை நல்லாப் பயந்து போனியோ?"

"எப்ப அப்பா?"

"நான் கிடக்கேக்கை. நீ பாத்துக்கொண்டெல்லோ இருந்திருப்பாய். அதுதான் நான் உன்னட்டைச் சொல்லிக்கொண்டே கிடந்தனான்."

"என்ன சொன்னீங்கள்?"

"வேறை என்ன? பதறாதை, நாலு மணிக்குப் பார்வதி வருவள் எண்டனான். கையையும் காட்டினனான், எனக்கொண்டுமில்லை எண்டு."

அப்பாவின் தொழிலைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை வாய்க்காலில் தண்ணீர்க் கதவு திறந்து மூடுவதுதான் அவருடைய வேலை. வயல் காய்கிறது என்று மண்வெட்டியோடு வந்து நின்று சத்தம் போடுகிறவர்களிடம், அவர் நாளுக்குப் பத்துத் தரம் ஒரே வசனத்தைத்தான் சொல்வார். பதறாதையுங்கோ, நாலு மணிக்கு உங்கட பக்கம் திறப்பன். குரலை உயர்த்த மாட்டார். சொன்ன நேரத்துக்குத் திறப்பார். எலும்பு வெடித்துத் தரையில் கிடந்தபோதும் அவர் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பதறிக்கொண்டிருந்த என்னைச் சமாதானப்படுத்தியபடி. நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குக் காது இல்லை என்று பூட்டும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன். பதினொரு பக்கப் படிவத்தில் நாலாம் பக்கத்திலும் அது இருந்தது. அவர் கையெழுத்து வைத்திருந்தார்.

"நீ பாக்கிறாய் எண்டபடியா எனக்குப் பயமில்லை, பிள்ளை. இல்லையெண்டால் அந்த நேரம் போயிராது."

"ஓம் அப்பா" என்றேன். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவர் கண்ணை மூடினார். அதன்பின் உண்மையைச் சொல்ல எனக்குப் பல சந்தர்ப்பம் கிடைத்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

8

மொடலுக்கு ஆரணி மறுபடி படிப்பித்தாள். பாடசாலை விடுமுறை முழுக்க இருந்து, தரை கறுப்பதையும் ஆள் படுப்பதையும் சேர்த்து, ஒவ்வொரு நாளையும் முழு நாளாகக் குறியிட்டாள். அந்த வியாழக்கிழமைத் துண்டுகளை மட்டும் எனக்கு ஒதுக்கி வைத்தாள். "விழுந்திருக்கிறார்" என்று ஒவ்வொன்றாக அமத்தினேன். கை எழும்பும் துண்டுகளுக்கு ஐந்து பொத்தான்களில் ஒன்றும் பொருந்தவில்லை. லார்ஸிடம் ஆறாவது பொத்தான் கேட்டேன். என்ன பெயர் போடுவது என்று கேட்டார். "கதைக்கிறார்" என்றேன். பெட்டிக்குச் சத்தம் கேட்காது என்று அவர் மிகவும் பண்பாக எனக்கு நினைவூட்டி, "அசைவு" என்று பெயர் வைத்தார்.

இப்போது மொடல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் நிலையில் இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. நெல்மூட்டைகள் தரைக்கு இறங்கிவிட்டன, அப்பா கட்டிலுக்கு ஏறிவிட்டார். பார்வதியக்கா அறை குளிரட்டும் என்று தரையைத் துடைத்துவிட்டுப் போகிறார். தரை கறுக்கிறது, அதில் ஒருவரும் படுப்பதில்லை.

ஊர் நேரம் இரண்டு மணிக்கு அப்பா கட்டிலில் ஏறிப் படுக்குமுன் பெட்டிக்குக் கையைக் காட்டுகிறார். ஏதோ சொல்லவும் சொல்வாராம், பார்வதியக்கா சொன்னார். சோறு எப்படி, மழை வருமா வராதா என்று. எனக்கு அது ஒரு மஞ்சள் கோடாக எழும்பி இறங்கும். பெட்டி அதற்கு "அசைவு" என்று எழுதும்.

நான் இப்போது பத்தரை இடைவேளையில் கோப்பி எடுப்பதில்லை. தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இருக்கிறேன். ஒக்டோபரில் இங்கே மணிக்கூட்டை மாற்றும்போது ஊரின் இரண்டு மணி ஒன்பதரைக்கு வந்துவிடும். இடைவேளையை மாற்றித் தரும்படி இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் எழுதும் இடத்தில், ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாக்க வேண்டும் என்று எழுத முடியாது. "குடும்பம்" என்று எழுதினேன்.

கோடு எழும்பும்போது நானும் கையை உயர்த்துகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் முதல் கிழமை ஏன் என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை.